சோப்பு டப்பாவில் சோப்பு ஆடுகிறது: பாக்கெட் சுருங்குவதைக் கவனித்தவர்கள் சொல்லுங்கள்

தாழ்வாரம்:

எங்கள் வீட்டுக் குளியலறையில் ஒரு பழைய சோப்பு டப்பா இருக்கிறது. எட்டு ஒன்பது வருடமாக அதே டப்பா, அதே பிராண்ட் சோப்பு. புது சோப்பைப் பிரித்து வைத்தால் நாலு ஓரமும் டப்பாவில் இடிக்கும். முதல் இரண்டு நாள் மூடி சரியாக மூடாது, கரையக் கரையத்தான் அடங்கும். போன மாதம் புது சோப்பை வைத்து மூடினேன், பட்டென்று மூடிக்கொண்டது. எடுத்து ஆட்டிப் பார்த்தேன். உள்ளே லொடலொடவென்று சத்தம்.

குப்பையிலிருந்து உறையை எடுத்துப் பார்த்தேன். நிகர எடை 90 கிராம். அலமாரிக்கு அடியில் எப்போதோ விழுந்து தூசி படிந்து கிடந்த பழைய உறை ஒன்றும் கிடைத்தது. அதில் 125 கிராம். இரண்டு உறைக்கும் ஒரே நிறம், ஒரே படம், ஒரே எழுத்து. பில்லைத் தேடிப் பார்த்தால் விலை குறையவில்லை, கொஞ்சம் ஏறித்தான் இருக்கிறது.

அதோடு விட்டிருப்பேன். ஆனால் அன்றைக்குத்தான் இன்னொரு விஷயம் எனக்கு உறைத்தது. மாதச் சாமான் பட்டியல் எழுதுவது அம்மா. பல வருடமாக ஒரே பட்டியல்: சோப்பு 4, சலவைத்தூள் 1, காபித்தூள் 2. கொஞ்ச நாளாக இருபத்து நாலாம் தேதி வாக்கிலேயே எல்லாம் தீர்ந்துபோகிறது. அம்மா என்னிடம் என்ன சொன்னார் தெரியுமா? "எனக்குக் கை நிதானம் போயிடுச்சு போல. அள்ளிக் கொட்டிடறேன்." சொன்னதோடு நிற்கவில்லை. சலவைத்தூளைக் குறைத்துப் போட்டுவிட்டு, துணியைக் கூடுதலாகக் கசக்கிக்கொண்டிருந்திருக்கிறார். சாயங்காலக் காபியை அரைத் தம்ளராக்கியிருக்கிறார். நான் கேட்டபோது, வயிற்றுக்கு ஒத்துக்கொள்ளவில்லை என்றார்.

சலவைத்தூள் பாக்கெட்டை எடுத்துப் பார்த்தேன். 1000 கிராம் இருந்தது இப்போது 850. அம்மாவின் கையில் ஒரு குறையும் இல்லை.

உங்கள் வீட்டில் எதைக் கவனித்தீர்கள்? பழைய உறை, பழைய பில் இருந்தால் எடையையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

நிழற்குடை:

டிஷ்யூ சுருள். நடுவில் இருக்கும் அட்டைக் குழாய் பெரிதாகிவிட்டது. சுருளை வெளியிலிருந்து பார்த்தால் ஒரு வித்தியாசமும் தெரியாது. அடுத்து, பிஸ்கட். முன்பு ஒரு பாக்கெட்டைப் பிரித்துக் கொட்டினால் டப்பா கழுத்துவரை நிறையும். இப்போது நாலு விரல் இடைவெளி நிற்கிறது.

எண்சுவடி:

தாழ்வாரம், உங்கள் சோப்பைக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். 125 கிராம் 90 ஆனதில் எடை 28 சதவீதம் குறைந்திருக்கிறது. விலை அதேதான் என்று வைத்துக்கொண்டாலும், ஒரு கிராமுக்கு நீங்கள் கொடுக்கும் விலை ஏறியது 28 சதவீதம் அல்ல, கிட்டத்தட்ட 39 சதவீதம். 125ஐ 90ஆல் வகுத்துப் பாருங்கள், 1.39 வரும்.

பலரும் சறுக்குகிற இடம் இது. பத்தில் ஒரு பங்கு எடை போனால் விலை 11 சதவீதம் ஏறியதாக அர்த்தம். ஐந்தில் ஒரு பங்கு போனால் 25 சதவீதம். மூன்றில் ஒரு பங்கு போனால் 50. குறைப்பு பெரிதாகப் பெரிதாக இந்த இடைவெளி விரிந்துகொண்டே போகும். "கொஞ்சம்தானே குறைத்திருக்கிறான்" என்று நினைக்கும்போது நம் மனது எடையைப் பார்க்கிறது. பணம் போவது வேறு வேகத்தில்.

சலவைத்தூளையும் பாருங்கள். வருடத்துக்கு 12 கிலோ செலவாகும் வீடு என்றால் முன்பு 12 பாக்கெட் போதும். இப்போது 14 வாங்கினாலும் 100 கிராம் பற்றாது. அம்மாவின் இருபத்து நாலாம் தேதிக்கு இதுதான் காரணம். 30 நாளுக்கு வந்த பாக்கெட் இப்போது இருபத்தைந்தரை நாளைக்குத்தான் வரும். அவருடைய கை அவ்வளவு துல்லியமாக அளந்து போட்டிருக்கிறது.

தாழ்வாரம்:

எண்சுவடி, கடைசி வரியை அம்மாவிடம் வாசித்துக் காட்டினேன். ஒன்றும் சொல்லவில்லை. பாக்கெட்டை வாங்கி, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, நிகர எடை போட்டிருக்கும் இடத்தைத் தேடினார். பின்பக்கம், கீழ் மடிப்புக்குப் பக்கத்தில், மிகச் சின்ன எழுத்தில் இருந்தது.

பொதிகட்டு:

நான் பதினொரு வருடமாகப் பாக்கேஜிங் வேலையில் இருக்கிறேன். எங்கே, யாரிடம் என்று சொல்ல முடியாது. ஆனால் இதெல்லாம் எப்படி நடக்கிறது என்று சொல்ல முடியும். சொல்லத்தான் வேண்டும் என்றும் தோன்றுகிறது.

முதலில் ஒன்று. இதில் எடை மோசடி கிடையாது. 90 என்று அச்சிட்டால் உள்ளே 90 இருக்கும். சட்டப்படி எல்லாம் சரியாகவே நடக்கிறது. சட்டம் கேட்காத இடத்தில்தான் வேலை.

ஓர் அட்டைப் பெட்டியை எடுத்துக்கொள்ளுங்கள். உயரம் 20 சென்டிமீட்டர், அகலம் 14, தடிமன் 5. கொள்ளளவு 1400 கன சென்டிமீட்டர். உயரத்தில் 7 மில்லிமீட்டர் குறையுங்கள், அகலத்தில் 5 மில்லிமீட்டர், தடிமனில் 2 மில்லிமீட்டர். அந்த 2 மில்லிமீட்டர் இரண்டு நாணயங்களை ஒன்றன்மேல் ஒன்று வைத்த கனம்கூட வராது. இப்போது பெருக்கிப் பாருங்கள், 1250 வரும். பத்து சதவீதத்துக்கு மேல் காணாமல் போய்விட்டது. இரண்டு பெட்டியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால்தான் உங்களுக்குத் தெரியும். ஆனால் கடையில் இரண்டும் ஒருநாளும் பக்கத்தில் இருக்காது.

பியர் ஷாந்தோன், நைலியா ஓர்தபாயேவா என்ற இரண்டு ஆய்வாளர்கள் 2009இல் இதை ஆராய்ந்து எழுதினார்கள். உயரம் மட்டும் மாறினால் கண் பிடித்துவிடும். மூன்று பக்கமும் சேர்ந்து கொஞ்சம் கொஞ்சம் மாறினால் மாற்றத்தை மிகக் குறைவாகவே மதிப்பிடுவோம். அதற்கும் வெகுகாலம் முன்பே, 19ஆம் நூற்றாண்டில், எர்ன்ஸ்ட் வேபர் என்ற ஜெர்மானிய அறிஞர் கையில் எடையைத் தூக்கவைத்துச் சோதித்தார். ஒரு வித்தியாசம் நமக்குத் தெரியுமா தெரியாதா என்பது, மொத்த எடையில் அது எத்தனையில் ஒரு பங்கு என்பதைப் பொறுத்தது என்று கண்டுபிடித்தார். அந்த எல்லைக்குக் கீழே நிற்பதுதான் எங்கள் தொழிலில் திறமை.

முன்பக்கத்தைப் பெரும்பாலும் தொடமாட்டார்கள். அலமாரியில் வாங்குபவர் பார்ப்பது முகத்தை மட்டும்தான், அதனால் வெட்டு தடிமனில் விழும். பாட்டிலாக இருந்தால் அடிப்பாகத்தை உள்ளே குழித்துவிடலாம். அமெரிக்காவில் ஸ்கிப்பி கடலை வெண்ணெய் ஜாடி 18 அவுன்சிலிருந்து 16.3 அவுன்சாக இறங்கியது அப்படித்தான். உயரமும் அகலமும் பார்வைக்கு அதேதான், அடியில் மட்டும் ஒரு பள்ளம். சோப்பில் நடுப்பகுதியைக் குழிவாக்கி, "கைக்கு அடக்கமான வடிவம்" என்று போடலாம். பிஸ்கட்டில் எண்ணிக்கையைக் குறைக்காமல் கனத்தைக் குறைக்கலாம், அல்லது உள்ளே இருக்கும் தட்டில் இடைவெளியைக் கூட்டலாம்.

நேரமும் முக்கியம். எடைக் குறைப்பைத் தனியாகச் செய்வது அபூர்வம். புது டிசைன் வரும்போது சேர்த்துச் செய்வார்கள். உறைக்கான பிளாஸ்டிக் படலத்தில் அச்சடிக்க அச்சு உருளை எப்படியும் புதிதாகச் செய்ய வேண்டும், அந்தச் செலவோடு இதுவும் போய்விடும். உங்கள் பிராண்டின் உறையில் "புதிய தோற்றம்" என்று வந்தால், முதலில் நிகர எடையைப் பாருங்கள்.

சிப்ஸ் பாக்கெட்டில் காற்று இருக்கிறதே என்று நிறையப் பேர் கேட்பார்கள். அது நைட்ரஜன். சிப்ஸ் உடையாமலும், எண்ணெய் சிக்கடிக்காமலும் இருக்க அது வேண்டும். அதை நான் குறை சொல்லமாட்டேன். பை அதே அளவில் இருந்துகொண்டு உள்ளே எடை மட்டும் குறைந்தால் அது வேறு விஷயம்.

காகிதக்கப்பல்:

என் பாட்டி எழுதி வைத்த கேக் குறிப்பு ஒன்று எங்கள் வீட்டில் இருக்கிறது. நோட்டுத் தாளில், நீல மையில், எண்ணெய்க் கறையோடு. "டின் பால் 1" என்று எழுதியிருக்கிறார், கிராம் இல்லை. இந்த வருடம் என் மகளின் பிறந்தநாளுக்கு அதைப் பார்த்துச் செய்தேன். கேக் வறண்டு, நடுவில் பிளந்துவிட்டது. அடுப்பில் கோளாறு என்று நினைத்தேன், பிறகு என்னையே சந்தேகப்பட்டேன். இந்த இழையைப் படித்துவிட்டுப் போய் டின்னைப் பார்க்கிறேன், பாட்டி காலத்து டின்னைவிட 30 கிராம் குறைவு. மாவும் சர்க்கரையும் நான் அளந்து போடுவதால் அவை மாறவில்லை. டின் மட்டும் மாறியிருக்கிறது.

தாழ்வாரம் சொன்ன அதே கதைதான். முதலில் நம்மையே குறை சொல்லிக்கொள்கிறோம்.

வடம்பிடி:

எல்லாரும் ஒரு பக்கமாகவே பேசுவதால் மறுபக்கத்தைச் சொல்லிவிடுகிறேன். நான் தின்பண்டம் தயாரிக்கிறேன். சின்ன அளவுதான், பதினாலு பேர் வேலை செய்கிறோம். போன வருடம் என் பாக்கெட்டை 200 கிராமிலிருந்து 180 ஆக்கினேன். மனதுக்குக் கஷ்டமாகத்தான் இருந்தது.

2021, 2022இல் என்ன நடந்தது என்று நினைவிருக்கும். பெருந்தொற்றுக்குப் பிறகு கப்பல் கட்டணம் ஏறியது. 2022 பிப்ரவரியில் உக்ரைன் போர் வந்ததும் கோதுமை, சூரியகாந்தி எண்ணெய், எரிவாயு எல்லாம் சேர்ந்து எகிறின. பாக்கெட்டுக்கான பிளாஸ்டிக் படலமும் ஏறியது. நான் விலையை ஏற்றப் போனால் கடைக்காரர், "இந்த விலைக்கு மேல் போனால் எடுக்க ஆளில்லை" என்கிறார். அவர் சொல்வது உண்மை. ஒருதரம் விலையை ஏற்றிப் பார்த்தேன், இரண்டே மாதத்தில் விற்பனை விழுந்தது. விலை வாங்குபவருக்கு மனப்பாடம். எடை யாருக்கும் மனப்பாடம் கிடையாது.

இது இன்றைக்கு வந்த பழக்கமும் இல்லை. அமெரிக்காவில் ஹெர்ஷே சாக்லேட் 1969 வரை ஐந்து சென்ட் விலையிலேயே நின்றது. கோகோ விலை ஏறினால் சாக்லேட் சிறியதாகும், இறங்கினால் பெரியதாகும். ஒற்றை நாணயம் கொடுத்து வாங்குகிற பொருளில் விலையை ஒரு துளி ஏற்ற முடியாது, அடுத்த நாணயத்துக்குத்தான் தாவ வேண்டும். அதனால் எடைதான் வளைந்து கொடுக்கும்.

தாழ்வாரம்:

வடம்பிடி அண்ணா, மறைக்காமல் சொன்னதற்கு நன்றி. உங்கள் செலவு ஏறியதை நான் சந்தேகப்படவில்லை. ஒரே ஒரு கேள்வி. 180 ஆக்கியபோது பாக்கெட்டில் "முன்பு 200, இப்போது 180" என்று ஏன் போடவில்லை?

எண்சுவடி:

வடம்பிடி சொன்ன ஹெர்ஷே கதையில் ஒரு வரியைக் கவனியுங்கள். கோகோ இறங்கினால் சாக்லேட் பெரியதாகும் என்றார். அங்கே இரு வழியும் திறந்திருந்தது. இன்றைக்கு அப்படியா? ஐக்கிய நாடுகளின் உணவு வேளாண் அமைப்பு வெளியிடும் உலக உணவு விலைக் குறியீடு 2022 மார்ச்சில் உச்சத்துக்குப் போனது. அதன் பிறகு அதைவிடக் கீழேதான் இருக்கிறது. அப்போது சுருங்கிய பாக்கெட்டுகள் எத்தனை திரும்ப வளர்ந்தன?

பிரிட்டனின் தேசியப் புள்ளியியல் அலுவலகம் இதை எண்ணிப் பார்த்திருக்கிறது. 2012 ஜனவரியிலிருந்து 2017 ஜூன்வரை 2,529 பொருட்கள் அளவில் சுருங்கின. அதே காலத்தில் பெரிதானவை 614. வளரவே இல்லை என்று சொல்ல முடியாது. ஆனால் ஒன்று வளர்ந்தால் நாலு சுருங்குகிறது.

வேரடிமண்:

அரசாங்கங்களுக்கு இது வசதிதானே? பாக்கெட் விலை ஏறவில்லை என்றால் பணவீக்கம் ஏறவில்லை என்று கணக்குக் காட்டிவிடலாம்.

எண்சுவடி:

இல்லை வேரடிமண், அது தவறான எண்ணம். பிரிட்டன், அமெரிக்கா போன்ற நாடுகளில் விலைக் குறியீடு தயாரிப்பவர்கள் பாக்கெட்டின் எடையையும் குறித்துக்கொள்கிறார்கள். எடை குறைந்தால் விலை ஏறியதாகத்தான் பதிவாகும். நான் மேலே சொன்ன அதே ஆய்வில், மொத்தப் பணவீக்கத்தில் இதன் தாக்கம் பெரிதாகத் தெரியவில்லை என்றும், சர்க்கரை, ஜாம், சாக்லேட் பிரிவில் மட்டும் தெளிவாகத் தெரிகிறது என்றும் எழுதினார்கள். அரசாங்கத்தின் கணக்குக்கு இது தெரிகிறது. சமையலறையின் கணக்குக்குத் தெரிவதில்லை. என் வருத்தமே அதுதான்.

மின்மினி:

நான் ஒரு சூப்பர் மார்க்கெட்டில் பில் போடும் இடத்தில் நாலு வருடம் இருந்தேன், பிறகு சரக்குப் பதிவுக்கு மாறினேன், கூட்ட நேரத்தில் பில்லும் போடுவேன். இங்கே யாரும் சொல்லாத ஒன்று இருக்கிறது. கடைக்கு இது தெரியும்.

எப்படி என்றால், பார்கோடு. உலகம் முழுக்க பார்கோடு எண்களுக்கு விதி வகுப்பது ஜிஎஸ்1 என்ற அமைப்பு. அச்சிட்ட நிகர எடை மாறினால் அந்தப் பொருளுக்குப் புது எண் கொடுக்க வேண்டும் என்பது அவர்கள் விதி. ஆக, 1000 கிராம் பாக்கெட்டும் 850 கிராம் பாக்கெட்டும் வாங்குபவர் கண்ணுக்கு ஒன்று, எங்கள் கணினிக்கு இரண்டு. பழைய எண்ணை முடக்கி, புது எண்ணைச் சேர்த்து, எடையையும் விலையையும் தட்டச்சு செய்வதே என் வேலை. சில வாரங்களில் ஒரே நாளில் ஏழெட்டு பொருட்களுக்குச் செய்திருக்கிறேன்.

பழைய எண் முடங்கியதும் அதன் விலை வரலாறும் அங்கேயே நின்றுவிடுகிறது. புதுப் பொருள் புதிதாகப் பிறந்ததுபோல அலமாரிக்கு வருகிறது. அந்த இரண்டு எண்ணையும் ஒரு கோடு போட்டு இணைத்து, "இது அதன் இடத்தில் வந்தது, எடை இவ்வளவு குறைவு" என்று ஒரு சீட்டு அடித்து ஒட்ட அரை நிமிடம் போதும். அதை ஒட்டச் சொல்லி எனக்கு யாரும் ஒருநாளும் சொன்னதில்லை.

ஒரு பெரியவர் நினைவுக்கு வருகிறார். வாரா வாரம் வருவார், ஒரே காபித்தூள். ஒருநாள் பாக்கெட்டைக் கையில் தூக்கிப் பார்த்து, "இது லேசா இருக்கேம்மா" என்றார். எனக்குத் தெரியும், முந்தைய வாரம்தான் நான் அந்தப் புது எண்ணைச் சேர்த்திருந்தேன். பின்னால் வரிசை நின்றது. "அதேதான் சார்" என்று சொல்லிவிட்டேன். இன்றுவரை உறுத்துகிறது.

தாழ்வாரம்:

மின்மினி, நீங்கள் எழுதியதை இரண்டு முறை படித்தேன். அந்தப் பொய்யைச் சொல்லவேண்டிய இடத்தில் உங்களைக் கொண்டுபோய் நிறுத்தினார்களே, அதுதான் எனக்குக் கோபம்.

தராசுமுள்:

மின்மினி சொன்ன அந்தச் சீட்டுதான் பிரான்சில் இப்போது சட்டம். கதையைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

2023 செப்டம்பரில் காரஃபூர் என்ற பெரிய கடைக் குழுமம், தன் அலமாரிகளில் 26 பொருட்களுக்குக் கீழே அறிவிப்பு ஒட்டியது. இந்தப் பொருளின் அளவு குறைந்திருக்கிறது, தயாரிப்பாளர் எங்களிடம் கேட்கும் விலை கூடியிருக்கிறது என்பது அதன் சாரம். நெஸ்லே, பெப்சிகோ, யுனிலீவர் பொருட்களெல்லாம் அதில் இருந்தன. கடைகள் அந்தத் தயாரிப்பாளர்களோடு விலைப் பேச்சில் இருந்த நேரம் அது. வாங்குபவர் மேல் கருணை மட்டும்தான் காரணம் என்று நான் நம்பவில்லை. ஆனாலும் ஒட்ட முடியும் என்பது நிரூபணமாயிற்று. அடுத்து 2024 ஜூலை 1 முதல் அரசே கட்டாயமாக்கியது. 400 சதுர மீட்டருக்கு மேற்பட்ட கடைகளில், எடை குறைந்து கிலோ விலை ஏறிய பொருளுக்குப் பக்கத்தில் இரண்டு மாதத்துக்கு அறிவிப்பு இருக்க வேண்டும். கடையின் சொந்த பிராண்டுக்கும் சேர்த்தே.

தென் கொரியாவில் 2024 ஆகஸ்ட் முதல் பொறுப்பு தயாரிப்பாளர் மேல். பாக்கெட்டிலோ, இணையதளத்திலோ, கடையிலோ மூன்று மாதம் அறிவிக்க வேண்டும், இல்லாவிட்டால் அபராதம். குறைப்பு ஐந்து சதவீதத்துக்குள் என்றால் விலக்கு உண்டு. அந்த விலக்கு எனக்குப் பிடிக்கவில்லை. நாலு நாலு சதவீதமாக மூன்று முறை குறைத்தால் என்ன செய்வது? பிரேசிலில் பாக்கெட்டிலேயே பழைய அளவு, புதிய அளவு, எவ்வளவு குறைந்தது என்று ஆறு மாதத்துக்கு அச்சிட வேண்டும். எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். சீட்டு கிழிந்துபோகும், பாக்கெட்டில் அச்சிட்டது வீடுவரை வரும்.

ஜெர்மனியில் நுகர்வோர் அமைப்பு ஒன்று நீதிமன்றம் போனது. சனெல்லா மார்கரின் டப்பா அதே அளவு, உள்ளே 500 கிராமுக்குப் பதில் 400. எடை டப்பாவில் சரியாகத்தான் அச்சாகியிருந்தது. ஆனாலும் பழகிய டப்பாவில் குறைத்துப் போட்டது வாங்குபவரைத் தவறான எண்ணத்துக்குக் கொண்டுபோகிறது என்று 2024 பிப்ரவரியில் ஹாம்பர்க் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. "எடைதான் போட்டிருக்கிறதே, படித்துக்கொள்ள வேண்டியதுதானே" என்று சொல்பவர்களுக்கு இந்தத் தீர்ப்பைக் காட்டுங்கள்.

பழைய காலத்தில் ஐரோப்பாவில் பல பொருட்களுக்கு இன்ன எடையில்தான் பாக்கெட் போடலாம் என்று விதி இருந்தது. 2009இல் பெரும்பாலானவற்றுக்கு அதை எடுத்துவிட்டார்கள். விருப்பம்போல் எடை வைத்துக்கொள்ளலாம், ஆனால் கிலோவுக்கு, லிட்டருக்கு என்ன விலை என்று அலமாரியில் போட வேண்டும் என்பது அங்கே ஏற்பாடு. அந்தக் கிலோ விலை எழுத்து எவ்வளவு பெரிதாக இருக்கிறது என்று அடுத்த முறை கடைக்குப் போகும்போது பாருங்கள்.

நிழற்குடை:

வாங்குபவர்கள் கவனித்துத் தட்டிக் கேட்டால் மாற்றம் நடக்கவும் செய்கிறது. டோப்லரோன் சாக்லேட்டில் மலைச்சிகரம்போல் முக்கோணங்கள் இருக்குமே, 2016இல் பிரிட்டனில் 400 கிராமை 360 ஆக்க, சிகரங்களுக்கு நடுவே பள்ளத்தை அகலமாக்கினார்கள். 170 கிராம் 150 ஆனது. அது கண்ணுக்குத் தெரிகிற வெட்டு என்பதால் ஊரே சத்தம் போட்டது. 2018இல் பழைய வடிவம் திரும்பி வந்தது.

பொதிகட்டு:

ஆமாம், அதனால்தான் அதற்குப் பிறகு எங்கள் துறையில் யாரும் கண்ணுக்குத் தெரிகிற இடத்தில் கை வைப்பதில்லை.

ஒரே வெட்டாகவும் செய்வதில்லை. டிராப்பிகானா பழச்சாறு அமெரிக்காவில் 64 அவுன்சாக இருந்தது. 2010இல் 59, 2018இல் 52, 2024இல் 46. மொத்தமாகப் பார்த்தால் நாலில் ஒரு பங்குக்கு மேல் போய்விட்டது. ஒவ்வொரு படியிலும் வாங்குபவர் ஒப்பிடுவது அதற்கு முந்தைய படியோடு மட்டும்தான்.

கடுகளவு:

எல்லாரும் மாதச் சாமான் வாங்குபவர்களாகப் பேசுகிறீர்கள். அன்றன்று கையில் வரும் கூலிக்கு அன்றன்று வாங்குபவர்களைப் பற்றி ஒரு வார்த்தை சொல்கிறேன். என் அம்மா அப்படித்தான் எங்களை வளர்த்தார். ஷாம்பு என்றால் ஒரு சாஷே, எண்ணெய் என்றால் கைக்கு அடக்கமான பாக்கெட். பெரிய பாட்டிலில் மில்லிக்கு விலை குறைவு என்று அவருக்குத் தெரியாமலில்லை. பெரிய பாட்டிலுக்கான பணம் ஒரே நாளில் கையில் இருந்ததில்லை.

சின்னப் பாக்கெட்டில் விலை ஒரு நாணயத்தில் நிற்கும், எடைதான் கரையும். 10 கிராமில் ஒரு கிராம் போனால் உறையில் தெரியவே தெரியாது, ஆனால் அது பத்து சதவீதம். கிலோ விலைப் பலகை எதுவும் அந்தப் பாக்கெட் தொங்கும் கம்பிக்குப் பக்கத்தில் இருக்காது. மிகக் குறைவாகச் சம்பாதிப்பவர் கிராமுக்கு மிக அதிகமாகக் கொடுக்கிறார். அதிலும் கரைத்தால் எங்கே போவார்?

எண்சுவடி:

கடுகளவு சொல்வது முழுக்க உண்மை. கூடவே ஓர் எச்சரிக்கை. பெரிய பாக்கெட் எப்போதும் லாபம் என்று நம்பிவிடாதீர்கள். "குடும்பப் பாக்கெட்" என்று போட்டிருப்பதன் கிலோ விலை, நடு அளவுப் பாக்கெட்டைவிடக் கூடுதலாக இருப்பதை நானே பலமுறை பார்த்திருக்கிறேன். போன் கால்குலேட்டரில் விலையை எடையால் வகுங்கள். அவ்வளவுதான், வேறு வித்தை ஒன்றும் இல்லை.

காகிதக்கப்பல்:

எடை அப்படியே இருந்து உள்ளே இருப்பது மாறுவதும் நடக்கிறது. நாங்கள் வாங்கும் ஐஸ்கிரீம் டப்பாவில் ஒருநாள் "ஐஸ்கிரீம்" என்ற சொல்லையே காணோம், "உறைந்த இனிப்பு" என்று இருந்தது. பாலுக்குப் பதிலாகத் தாவரக் கொழுப்பு. பொருட்கள் பட்டியலைப் படித்த பிறகுதான் தெரிந்தது. இதை எப்படித் தராசில் வைப்பது?

தராசுமுள்:

காகிதக்கப்பல், நான் மேலே சொன்ன ஹாம்பர்க் நுகர்வோர் அமைப்பு வருடா வருடம் மக்களிடம் வாக்கு வாங்கி "இந்த வருடத்தின் ஏமாற்றுப் பாக்கெட்" என்று ஒன்றை அறிவிக்கும். 2024க்கு அவர்கள் அறிவித்தது எடை குறைந்த பொருள் அல்ல. கிரானினி ஆரஞ்சு பானம். பாட்டில் அதே அளவு, உள்ளே பழச்சாறு 100 சதவீதத்திலிருந்து 50 சதவீதமாக இறங்கியிருந்தது, மீதி சர்க்கரைத் தண்ணீர். தராசில் இது சிக்காது. பொருட்கள் பட்டியலில் முதல் இரண்டு மூன்று பெயரைப் படிப்பது ஒன்றுதான் வழி, அளவில் அதிகமானது முதலில் வர வேண்டும் என்று பல நாடுகளில் விதி இருக்கிறது.

வடம்பிடி:

தாழ்வாரம் கேட்ட கேள்விக்கு நாலு நாளாகப் பதில் எழுதி எழுதி அழித்துக்கொண்டிருந்தேன்.

ஏன் போடவில்லை என்றால், பயம். அலமாரியில் என் பாக்கெட்டுக்குப் பக்கத்தில் என்னைவிட நூறு மடங்கு பெரிய நிறுவனத்தின் பாக்கெட் இருக்கிறது. அவர்களும் குறைத்திருக்கிறார்கள், எதுவும் போடவில்லை. நான் மட்டும் "முன்பு 200, இப்போது 180" என்று போட்டால், வாங்குபவர் கண்ணில் குறைத்தவன் நான் ஒருவன்தான். உண்மை சொன்னவனுக்கு நஷ்டம், மறைத்தவருக்கு விற்பனை. பதினாலு பேரின் சம்பளத்தை வைத்துக்கொண்டு அதைச் செய்ய எனக்குத் துணிச்சல் வரவில்லை.

தராசுமுள் எழுதிய பிரேசில் விதியைப் படித்த பிறகு தோன்றுகிறது, எல்லாரும் கட்டாயம் போட வேண்டும் என்று விதி வந்தால் முதலில் வரவேற்பவன் நானாகத்தான் இருப்பேன். அப்போது எனக்கும் பயமில்லை, செலவு ஏறியதை நேராகச் சொல்லிவிட்டுப் போகலாம். இப்போதைக்கு ஒன்று செய்கிறேன். நிகர எடையைப் பின்பக்க மடிப்பிலிருந்து எடுத்து முன்பக்கம், பெயருக்குக் கீழே, பெரிய எழுத்தில் போடச் சொல்லியிருக்கிறேன். அடுத்த அச்சில் வரும்.

பொதிகட்டு:

வடம்பிடி, அச்சுக்குப் போகும் முன் அந்த எழுத்தின் உயரம் எவ்வளவு என்று மில்லிமீட்டரில் எழுதிக் கொடுங்கள். "பெரிதாக" என்று வாயால் சொன்னால் டிசைன் செய்பவர் சுருக்கிவிடுவார்.

மின்மினி:

வடம்பிடி சார் எழுதியதைப் படித்த பிறகு நானும் என் மேலாளரிடம் பேசினேன். எடை மாறிய பொருட்களுக்கு ஒரு மாதம் சீட்டு ஒட்டலாமா என்று கேட்டேன். மேலே கேட்டுச் சொல்கிறேன் என்றார். இன்னும் பதில் வரவில்லை. அதுவரை, என்னிடம் யாராவது "லேசா இருக்கே" என்றால் எத்தனை கிராம் குறைந்தது என்று சொல்லிவிடுகிறேன்.

தாழ்வாரம்:

எல்லாருக்கும் நன்றி. பழைய உறைகளை நான் ஒரு நோட்டில் ஒட்ட ஆரம்பித்திருக்கிறேன். பக்கத்தில் தேதி, எடை, விலை. இதுவரை ஒன்பது பொருள் சேர்ந்திருக்கிறது, அதில் ஏழு சுருங்கியது, இரண்டு அப்படியே இருக்கிறது.

அம்மா இந்த மாதப் பட்டியலை வேறு மாதிரி எழுதினார். "சோப்பு 4" இல்லை. "சோப்பு 500 கிராம், சலவைத்தூள் 1 கிலோ" என்று எல்லாவற்றையும் எடையில் எழுதியிருந்தார். சாயங்காலக் காபி முழுத் தம்ளருக்குத் திரும்பிவிட்டது, வயிற்றைப் பற்றிப் பேச்சே இல்லை.

நேற்று கடைக்கு அம்மாதான் போனார். அங்கிருந்து போன் வந்தது. "அஞ்சு எடுத்தா 450 வருது, ஆறு எடுத்தா 540. என்னடா பண்ணட்டும்?"

ஆறு எடுக்கச் சொன்னேன்.